திட்டும்போது சிரிக்கும் பிள்ளை: மதுரை மாவட்டப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம்.

மேலூரோ பேரையூரோ, மாநகராட்சிப் பள்ளியோ மெட்ரிக் பள்ளியோ, தலைமையாசிரியர் அறைகளில் நடக்கிற ஒரு காட்சியைப் பற்றி எழுதுகிறோம். தப்புச் செய்துவிட்டான் என்று ஒரு பையனைக் கூட்டிவந்து நிறுத்துகிறார்கள். நீங்கள் கேள்வி கேட்கிறீர்கள். அவன் உங்கள் முகத்தைப் பார்க்காமல், சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்துச் சிரிக்கிறான். குரலை உயர்த்துகிறீர்கள், சிரிப்பு கூடுகிறது. "என்னடா எகத்தாளம்? நான் என்ன இங்க கூத்தா கட்டுறேன்?" என்றதும் வாய்விட்டே சிரித்துவிடுகிறான். அந்த நொடியோடு அவன் செய்த முதல் தப்பு எல்லாருக்கும் மறந்துபோகிறது. அதற்குப் பிறகு நடக்கும் விசாரணை முழுக்க அந்தச் சிரிப்பைப் பற்றித்தான். அப்பாவைக் கூட்டிவரச் சொல்வதும், டி.சி.யைக் கொடுத்துவிடுவேன் என்பதும் அந்தச் சிரிப்புக்காகத்தான்.

அந்தப் பிள்ளைக்கு ஆஸ்பெர்ஜர் (பேச்சு நன்றாக வரும், ஆனால் பிறர் முகக்குறிப்பைப் படிப்பது கடினமாக இருக்கும் ஒரு வகை ஆட்டிசம்) இருந்தால் அங்கே என்ன நடக்கிறது, நீங்கள் என்ன செய்யலாம் என்று சொல்லவே இந்த மடல். எழுதும் நாங்கள் ஆட்டிசப் பிள்ளைகளின் பெற்றோரும் அவர்களோடு வேலை செய்யும் சிறப்பாசிரியர்களும். கேட்பது ஒன்றைத்தான்: செயலை விசாரியுங்கள், முகத்தை விசாரிக்காதீர்கள்.

பெயரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்ஜர் என்ற மருத்துவர் 1944இல் விவரித்த பிள்ளைகளை வைத்து, 1981இல் பிரிட்டனின் லோர்னா விங் இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு இதை ஆட்டிச வகைக்குள் சேர்த்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடும் அதையே செய்தது. அதனால் பழைய சான்றிதழில் 'ஆஸ்பெர்ஜர்' என்றும், புதியதில் 'ஆட்டிசம்' என்றும் இருக்கும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் ஆட்டிசம் உண்டு. "இந்தப் பேரு லிஸ்ட்ல இல்லையே" என்று பள்ளி அலுவலகத்தில் யாரையும் திருப்பி அனுப்ப வேண்டாம்.

இந்தப் பிள்ளைகள் சரளமாகப் பேசுவார்கள். மாட்டுத்தாவணியிலிருந்து கிளம்பும் பஸ்களின் நேரத்தை வரிசையாக ஒப்பிப்பார்கள், கணக்கில் நூறு வாங்குவார்கள். "இவனுக்கு என்ன குறை, எல்லாம் கொழுப்பு" என்று சொல்ல வைப்பது இந்தச் சரளம்தான். பேச்சு வராத பிள்ளை சிரித்தால் பரிதாபப்படுகிறோம். நன்றாகப் பேசுகிற பிள்ளை சிரித்தால் அடிக்கக் கை ஓங்குகிறோம்.

சிரிப்பு வரும் வழி ஒன்று அல்ல. அதிகம் பார்ப்பது பதற்றச் சிரிப்பு. பதறினால் சிரிப்பது எல்லா மனிதருக்கும் உண்டு. அமெரிக்காவில் ஸ்டான்லி மில்கிராம் 1963இல் வெளியிட்ட ஆய்வில், அடுத்த அறையில் இருப்பவருக்கு மின்அதிர்ச்சி கொடுப்பதாக நம்பி சுவிட்சை அழுத்திய 40 ஆண்களில் 14 பேர் பதற்றத்தில் சிரித்தார்கள். ரசித்துச் சிரிக்கவில்லை என்று பிறகு அவர்களே மெனக்கெட்டு விளக்கினார்கள். நம்மில் பலருக்குச் சிரிப்பு கிளம்பியதுமே எதிரில் இருப்பவரின் புருவம் கண்ணில் படும். சட்டென்று வாயை மூடிக்கொள்வோம். ஆஸ்பெர்ஜர் உள்ள பிள்ளைக்கு இந்த பிரேக் தாமதமாகப் பிடிக்கும். உங்கள் முகத்தில் ஏறும் கோபத்தைப் படிக்க அவனுக்கு நேரமாகும். தன் முகம் எப்படி இருக்கிறது என்பது அவனுக்கே தெரியாமலும் இருக்கும்.

உணர்ச்சிக்குப் பெயர் வைக்க முடியாத சிக்கலும் சேர்ந்துகொள்ளும். வயிறு கலங்குகிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்பதுவரை தெரியும். அது பயமா, வெட்கமா, குதூகலமா என்று பிரித்துச் சொல்ல வராது. ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்தச் சிக்கல் இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. பெயர் தெரியாத கொந்தளிப்புக்கு முகம் எதையாவது ஒன்றை மாட்டிக்கொள்கிறது. பல சமயம் அது சிரிப்பாக இருந்துவிடுகிறது.

சில நேரம் நிஜமாகவே வேடிக்கையாகத்தான் இருக்கும், ஆனால் வேடிக்கை அந்த அறையில் இருக்காது. இரண்டாம் பீரியடில் தமிழாசிரியர் சொன்ன சிலேடை நான்காம் பீரியடில் விளங்கும். போன வாரம் பார்த்த கார்ட்டூன் காட்சி மனதுக்குள் மறுபடி ஓடும். நீங்கள் 'ஒழுங்கீனம்' என்று அழுத்திச் சொன்ன ஓசை காதுக்குக் கூச்சமூட்டியிருக்கும். பொருளை விட்டு ஓசையைப் பிடித்துக்கொள்வது இவர்களிடம் அதிகம். பின் பெஞ்சுப் பிள்ளைகள் இதைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். எந்தச் சொல்லைக் கிசுகிசுத்தால் இவன் சிரிப்பான் என்று தெரிந்துகொண்டு, வகுப்பு அமைதியாக இருக்கும் நேரம் பார்த்துச் சொல்வார்கள். வெளியே நிற்பது இவன் மட்டும். ஒரே பாடவேளையில், ஒரே இடத்தில் உட்காரும்போது மட்டும் சிரிப்பு வருகிறதென்றால் பின்னால் உட்கார்ந்திருப்பது யார் என்று ஒரு தடவை பாருங்கள்.

இன்னொரு வகையில் எங்கள் பங்கும் இருக்கிறது. "யாரைப் பார்த்தாலும் சிரிச்ச முகமா இருக்கணும்" என்று வீட்டிலும் பயிற்சியிலும் சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பதில்லை. என்ன செய்வதென்று தெரியாத இடத்திலெல்லாம் பிள்ளை அந்தப் பாடத்தை ஒப்பிக்கிறது. பெண் பிள்ளைகளிடம் இது மிக அதிகம். நாள் முழுக்க ஒரே புன்னகையை அணிந்திருப்பார்கள், 'அமைதியான பொண்ணு' என்று பெயரெடுப்பார்கள், உள்ளே என்ன நடக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

பதற்றச் சிரிப்பை அடையாளம் காணச் சில குறிகள் உண்டு. தோள் காதுவரை ஏறியிருக்கும். விரல்கள் சட்டை நுனியையோ ஐ.டி. கார்டின் கயிற்றையோ முறுக்கிக்கொண்டிருக்கும். மூச்சு மேலோட்டமாக ஓடும். பேச்சை வேறு விஷயத்துக்கு மாற்றினாலும் சிரிப்பு உறைந்ததுபோல அப்படியே நிற்கும். உங்கள் குரல் ஏறினால் அதுவும் ஏறும். பத்து நிமிடம் கழித்துக் கழிவறையில் போய் அழுவார்கள். ஆனால் இந்தக் குறிகளை வைத்து உண்மை, பொய் என்று தீர்ப்பெழுத வேண்டாம். இவர்களின் முகமொழி ஆளுக்கு ஆள் மாறும், வீட்டில் இருப்பவர்களுக்கே பிடிபட வருடங்கள் ஆகும்.

ஆஸ்பெர்ஜர் இருக்கிற பிள்ளை கேலியே செய்யாது என்று நாங்கள் சொல்லவில்லை. கேலியும் செய்யும், பொய்யும் சொல்லும், எல்லாப் பிள்ளைகளையும் போல. கேலி செய்திருந்தால் என்ன சொன்னான், என்ன செய்தான் என்பதை வைத்துத் தண்டியுங்கள். உதட்டின் வளைவைச் சாட்சியாக எடுக்காதீர்கள் என்பதுதான் கோரிக்கை.

இனி விசாரணையை எப்படி நடத்தலாம் என்று சொல்கிறோம். வகுப்புக்கு முன்னால் நிறுத்தி விசாரிக்க வேண்டாம். அறையில் நீங்களும் பிள்ளைக்குப் பழக்கமான ஓர் ஆசிரியரும் போதும். நான்கு பேர் சுற்றி நின்று ஆளுக்கொரு கேள்வி கேட்டால் எந்தக் கேள்விக்கும் பதில் வராது. நேரெதிரே உட்காராமல் மேசையின் பக்கவாட்டில், ஒரு கை நீளம் தள்ளி உட்காரவையுங்கள். "என் கண்ணைப் பாத்துப் பேசு" என்று சொல்லாதீர்கள். கண்ணைப் பார்ப்பதில் சக்தி போனால் பதில் சொல்ல மிச்சம் இருக்காது. ஏற்கனவே சிரிக்க ஆரம்பித்திருந்தால், கேள்வியை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கொடுத்து, பத்திருபது நிமிடம் அமைதியான இடத்தில் விடுங்கள். அப்போதும் கண்காணிப்பு இருக்கட்டும், பேச்சு வேண்டாம்.

பிறகு ஒரே ஒரு கேள்வி. கேட்டுவிட்டு மனதுக்குள் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணுங்கள். பெரும்பாலோர் சறுக்குவது இந்த இடத்தில். மூன்று நொடியில் பதில் வரவில்லையென்று அதே கேள்வியை வேறு சொற்களில் கேட்கிறோம். பிள்ளைக்கு அது புதுக் கேள்வி. முதல் கேள்விக்குப் பாதி கோத்துவைத்த பதிலைக் கலைத்துவிட்டு மறுபடி தொடங்குகிறது. மூன்றாவது தடவையும் மாற்றிக் கேட்டால் மிஞ்சுவது சிரிப்பு மட்டும்தான். திரும்பக் கேட்க வேண்டியிருந்தால் அதே சொற்களில் கேளுங்கள்.

"ஏன்டா இப்படிச் செஞ்ச?" என்பது மிகக் கடினமான கேள்வி. "இன்டர்வெல்ல மாடிப்படியில என்ன நடந்துச்சு? முதல்ல யாரு வந்தா?" என்று கேட்டால் பதில் வரும். "உனக்கு இதெல்லாம் விளையாட்டா இருக்கா?" என்று கேட்டால், "இல்ல சார், இது விளையாட்டு இல்ல" என்று சிரித்துக்கொண்டே சொல்வான். எதிர்த்துப் பேசுகிறான் என்று தோன்றும். கேட்ட கேள்விக்கு அவன் சொன்ன நேரான பதில் அது. வாயால் வராவிட்டால் தாளும் பேனாவும் கொடுங்கள். எழுத்தில் தெளிவாக வரும் பிள்ளைகள் நிறைய உண்டு.

"சிரிக்காதே" என்ற சொல்லை முடிந்தவரை விட்டுவிடுங்கள். அடக்கச் சொன்னதும் கவனம் முழுவதும் வாய்க்குப் போகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அடக்குவார்கள், பிடித்த மூச்சு விடும்போது சிரிப்பாக வெடிக்கும். அதற்குப் பதில், "கீழே குனிஞ்சு உன் காலைப் பாரு, மூச்சை மெதுவா வெளியே விடு" என்று செய்யக்கூடிய ஒன்றைச் சொல்லுங்கள்.

மன்னிப்புக் கேட்கும்போதும் முகம் சிரிக்கும். அடிபட்ட பிள்ளையின் பெற்றோர் அதைப் பார்த்தால் சண்டை பெரிதாகிவிடும். நேரில் நிறுத்திக் கேட்கச் சொல்லாமல் மூன்று வரி எழுதி வாங்குங்கள்: நான் என்ன செய்தேன், அதனால் அவனுக்கு என்ன ஆனது, அடுத்த தடவை என்ன செய்வேன். பள்ளிப் பதிவேட்டில் எழுதும்போதும் 'ஏளனமாகச் சிரித்தான்' என்று எழுத வேண்டாம், 'சிரித்தான்' என்பதோடு நிறுத்துங்கள். ஏளனம் என்பது நம் ஊகம். அந்த ஊகம் அந்தப் பிள்ளையோடு அடுத்த பள்ளிக்கும் போகிறது.

இன்னொன்றும் உங்கள் கவனத்துக்கு. ஆட்டிசத்தை மதிப்பிட நம் நாட்டில் பயன்படுத்தும் இந்திய அளவுகோலில் மொத்தம் 40 கூறுகள். சூழலுக்குப் பொருந்தாத உணர்ச்சி வெளிப்பாடு அவற்றில் ஒன்று. இந்தக் கூறுக்கும் சேர்த்து மதிப்பெண் போட்டுத்தான் சான்றிதழ் கொடுக்கிறார்கள். அதே கூறுக்காகப் பள்ளியில் தண்டிப்பது என்ன நியாயம்? கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு உடல் தண்டனையை மட்டுமல்ல, மனரீதியான துன்புறுத்தலையும் தடைசெய்கிறது.

அடுத்தது மௌன அஞ்சலி. ஜனவரி 30, காலை 11 மணி, தியாகிகள் நினைவாக இரண்டு நிமிடம். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் அசையாமல் நிற்பது இந்தப் பிள்ளைக்கு விசித்திரமான காட்சி. எவ்வளவு நேரம் என்று தெரியாததால் பதற்றம் வேறு. முந்தின நாளே சொல்லிவிடுங்கள்: மணி அடிக்கும், எல்லாரும் நிற்போம், இரண்டு நிமிடம், திரும்ப மணி அடித்தால் முடிந்தது, இது செத்துப்போனவர்களை நினைப்பதற்காக. கையில் வாட்ச் இருந்தால் நொடிமுள் இரண்டு சுற்றுச் சுற்றும் வரை அதைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். வரிசையின் கடைசியில், பழக்கமான ஆசிரியர் பக்கத்தில் நிறுத்துங்கள். சிரிப்பு வந்துவிட்டால் கேட்காமலே நகர்ந்து வெளியே போகலாம் என்ற அனுமதி முன்கூட்டியே இருக்கட்டும். போகலாம் என்று தெரிந்திருந்தாலே பல பிள்ளைகளுக்குப் போக வேண்டிய தேவை வருவதில்லை. காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கும் இதே ஏற்பாடு பொருந்தும்.

துட்டி வீட்டுக்குப் போய்வந்த பிள்ளை, "எங்க தாத்தா செத்துட்டாரு டீச்சர்" என்று சிரித்த முகத்தோடு சொல்லும். பாசமில்லாத பிள்ளை என்று நினைத்துவிடாதீர்கள். கொட்டுச் சத்தம், ஒப்பாரி, கூட்டம், கலைந்துபோன தினசரி ஒழுங்கு எல்லாம் சேர்ந்து அதன் தலைக்குள் இன்னும் இரைந்துகொண்டிருக்கும். துக்கம் வாரக்கணக்கில் தள்ளி, சத்துணவில் கை வைக்காமலோ, சின்ன விஷயத்துக்கு மேசையைத் தள்ளிவிட்டோ வெளிவரும். "உனக்கு வருத்தமே இல்லையா?" என்று அப்போது கேட்பது மிகக் கொடுமையான கேள்வி.

மைதானத்தில் ஒருவன் விழுந்தால் சிரிப்பதற்கும் தீர்வு உண்டு. முகத்தைத் திருத்துவதைவிடச் செயலைக் கற்றுக்கொடுப்பது எளிது: கிட்டே போ, "அடி பட்டுச்சா?" என்று கேள், பி.டி. சாரைக் கூப்பிடு. இந்த மூன்றையும், யாரும் விழாத சாதாரண நாளில், தினம் ஐந்து நிமிடம் ஒரு வாரத்துக்கு நடித்துப் பழக்குங்கள். சிரித்துக்கொண்டே ஓடிப்போய் உதவுகிறவனை மற்ற பிள்ளைகள் சீக்கிரமே புரிந்துகொள்வார்கள்.

இந்த மடலில் வேறெதை மறந்தாலும் அடுத்த விஷயத்தை மறக்காதீர்கள். ஒரு பிள்ளை தன்னை யாரோ தொட்டதாக, தப்பாக நடந்ததாகச் சிரித்துக்கொண்டே சொல்லக்கூடும். வேன் ஓட்டுபவரைப் பற்றியோ, உறவுக்காரரைப் பற்றியோ, நேற்றைய டிபனைப் பற்றிச் சொல்வது போன்ற குரலில் சொல்லும். கேட்பவர், "சும்மா சொல்லுது, நடந்திருந்தா இப்படிச் சிரிக்குமா?" என்று விட்டுவிடுவார். அந்தப் பிள்ளை மறுபடி சொல்ல முயலாது. சிரிப்பை வைத்து எதையும் தள்ளுபடி செய்யாதீர்கள். சொன்ன வார்த்தைகளை அப்படியே, தேதியும் நேரமும் போட்டு எழுதுங்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள், பதிலை நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் தகவல் கொடுக்காமல் இருப்பது குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 இரண்டும் நீங்கள் அறிந்தவையே. போலீஸாரிடம் பேசும்போது, பிள்ளைக்கு ஆட்டிசம் இருப்பதையும் பதற்றத்தில் சிரிக்கும் என்பதையும் முதலிலேயே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். சிறப்பாசிரியர் அல்லது பிள்ளையின் பேச்சுமுறை அறிந்தவர் உடனிருக்கக் கேட்பதற்குச் சட்டத்தில் இடமிருக்கிறது.

பொதுத்தேர்வு அறையில் தனக்குள் சிரிக்கும் பிள்ளையைப் பார்த்தால் பறக்கும் படைக்குச் சந்தேகம் வருவது இயல்பு. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்கும்போதே அறைக் கண்காணிப்பாளருக்கு இதையும் ஒரு வரி சொல்லி வையுங்கள். சோதனை போட வேண்டுமென்றால் போடட்டும், ஆனால் மெதுவான குரலில், என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிவிட்டு.

மருத்துவரிடம் போக வேண்டிய சிரிப்பு ஒன்றும் உண்டு. அரிதானதுதான், ஆனால் ஆட்டிசம் உள்ளவர்களிடம் வலிப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதால் தெரிந்திருக்க வேண்டும். காரணமே இல்லாமல், ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி, சில நொடிகளிலிருந்து அரை நிமிடம் போல வந்து தானே நின்றுவிடும். முகத்தில் மகிழ்ச்சி இருக்காது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாது. பார்வை ஓரிடத்தில் நிலைகுத்தும், உதடு சப்புக்கொட்டும், முகம் சிவக்கும். தூக்கத்திலும் வரும். இது வலிப்பாக இருக்கலாம். எத்தனை மணிக்கு, எத்தனை நொடி என்று குறித்துவைத்துப் பெற்றோரிடம் சொல்லுங்கள். அவர்கள் சம்மதித்தால் அடுத்த தடவை செல்போனில் படம் பிடியுங்கள். மருத்துவருக்கு அந்த அரை நிமிடப் படம் அரைமணி நேர விளக்கத்தைவிட உதவும். அரசு இராசாசி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்கு அதோடு போகச் சொல்லுங்கள்.

கடைசியாக, செய்யக்கூடிய சிறு வேலை ஒன்று. பெற்றோரின் எழுத்துப்பூர்வமான சம்மதத்தோடு அரைப்பக்கத் தாள் ஒன்று தயார் செய்யுங்கள். ஆட்டிசம் என்ற பெயர் அதில் தேவையில்லை. "இந்த மாணவருக்குப் பதற்றம் வந்தால் சிரிப்பு வரும். குரலை உயர்த்தினால் கூடும். ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பத்து வரை எண்ணவும். தண்ணீர் குடிக்க வெளியே அனுப்பலாம். எழுதச் சொன்னால் பதில் வரும்." ஐந்து வரி போதும். எந்தச் சொல், எந்தச் சத்தம் சிரிப்பைக் கிளப்பும் என்பதைப் பெற்றோரிடம் கேட்டு ஆறாவது வரியாகச் சேர்க்கலாம். ஆனால் இந்தத் தாள் மற்ற மாணவர்கள் கண்ணில் படக்கூடாது. வகுப்பாசிரியர், பி.டி. ஆசிரியர், பதிலி வகுப்புக்கு வருபவர், வேன் ஓட்டுநர், ஆயாம்மா, காவலாளி ஆகியோருக்கு வாசித்துக் காட்டிவிட்டு உங்கள் மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். பதிலி ஆசிரியரைத் தவறாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளையைத் தெரியாதவர் வகுப்பெடுக்கும் நாளில்தான் பெரும்பாலான சிக்கல்கள் வருகின்றன. தாள் எழுத உதவி வேண்டுமென்றால் உங்கள் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைக் கேளுங்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் முதல் வாரத்திலேயே எழுதிவிட்டால் நல்லது. வகுப்பும் ஆசிரியரும் மாறும்போது தாளையும் புதுப்பிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஆட்டிசப் பிள்ளைகளின் பெற்றோரும் சிறப்பாசிரியர்களும்,
மதுரை.